48 இலக்கங்கள் யாரிடம் இருக்க வேண்டும்?

பழுதான மடிக்கணினியின் மதர்போர்டை மாற்றி வாங்கிக்கொண்டு புனேயில் தம் விடுதிக்குத் திரும்பும் ஓர் ஆய்வு மாணவரை எண்ணிப் பார்க்கலாம். கணினி உயிர்பெறுகிறது. வன்தட்டுக்குச் சேதம் எதுவும் இல்லை. ஐந்தாண்டு உழைப்பும் அதற்குள் அப்படியே இருக்கிறது. ஆனால் வழக்கமான முகப்புக்குப் பதிலாக நீலத்திரை ஒன்று தோன்றி, 48 இலக்கங்கள் கொண்ட பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கிறது. அப்படியொரு சாவி இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது. ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் மூன்று வாரங்களே இருக்கின்றன.

மாணவர் கற்பனைதான், அவருடைய நிலை கற்பனையன்று. 2024இன் பிற்பகுதியில் வெளியான விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியே உள்நுழைந்தவுடன் வன்தட்டு தானாகவே மறைகுறியாக்கம் செய்யப்படுகிறது. உரிமையாளர் தனியாக எதையும் இயக்க வேண்டியதில்லை. பூட்டு தானே விழுந்துவிடுகிறது. சாவி எங்கே போய்ச் சேர்ந்தது என்பது, அது தேவைப்படும் நாளில்தான் தேடப்படுகிறது.

கணினியைப் பாதுகாப்பது பற்றிய சுற்றறிக்கைகளும் பயிலரங்குகளும் பெரும்பாலும் பூட்டும் இடத்தோடு முடிந்துவிடுகின்றன. சொல்லப்பட வேண்டிய மறுபாதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மறைகுறியாக்கம் ஆபத்தை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. வன்தட்டு முழுவதும் பரவிக் கிடந்த ஆபத்து 48 இலக்கங்களுக்குள் சுருங்கிவிடுகிறது. அந்த இலக்கங்களைப் பேணுவதற்கு ஏற்பாடு செய்யாமல் பூட்டச் சொல்லும் நிறுவனம் பாதி வேலையை மட்டுமே செய்கிறது. மீதிப் பாதியை, அதைப் பற்றி ஒன்றும் அறியாதவர் தலையில் ஏற்றிவிடுகிறது.

பூட்டு வேலை செய்யும் முறையைச் சுருக்கமாகவேனும் தெரிந்துகொள்வது நல்லது. வன்தட்டில் உள்ள கோப்புகளை மறைப்பது பயனர் தட்டும் கடவுச்சொல் அன்று. கணினி தானே உருவாக்கிக்கொண்ட ஒரு நீண்ட எண்தான் கோப்புகளை மறைக்கிறது. அந்த எண்ணை இன்னொரு சாவி பூட்டி வைக்கிறது. அந்த இரண்டாம் சாவியை அன்றாடம் திறந்து தருவது மதர்போர்டில் உள்ள டி.பி.எம். என்னும் சிறு சில்லு. தொடக்க நிரல்கள் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே சில்லு சாவியை வெளியிடும். மதர்போர்டு மாறினால் சில்லும் மாறிவிடும். பயாஸ் நிரலை மேம்படுத்தினால்கூடச் சில வேளைகளில் சில்லுக்குச் சந்தேகம் வந்துவிடும். அப்போது இரண்டாம் சாவியைத் திறக்க எஞ்சியிருக்கும் வழி மீட்புச் சாவி மட்டுமே.

ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள். இதுதான் அதன் வடிவம். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதமின்றி வகுபடும். கையால் எழுதும்போது ஓர் இலக்கம் பிழைத்தால் எந்தத் தொகுதியில் பிழை என்று கண்டுகொள்வதற்கான ஏற்பாடு இது. அதாவது, இதை வடிவமைத்தவர்களே இது தாளில் எழுதி வைக்கப்படும், மனிதர் கையால் மீண்டும் தட்டப்படும் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். இந்தச் சாவிக்கு இருக்கக்கூடிய மாற்றுகளின் எண்ணிக்கை 39 இலக்கங்கள் கொண்டது. முயன்று பார்த்துத் திறந்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமே இல்லை. வீட்டுப் பூட்டுக்குக் கள்ளச்சாவி போடும் கடைக்காரர் எந்தத் தெருமுனையிலும் கிடைப்பார். இந்தப் பூட்டுக்கு அப்படி ஒருவரும் கிடையாது. கிடைத்தால், அது பூட்டே அன்று.

அப்படியானால் பூட்டாமலே விட்டுவிடலாமே என்ற கேள்வி எழும். ஆய்வேடு ஒன்றும் அரசு இரகசியம் இல்லையே என்று பலரும் கேட்கிறார்கள். ஆய்வேடு இரகசியம் இல்லைதான். அதற்குப் பின்னால் நிற்பவர்களின் வாழ்க்கை இரகசியம். புனேயின் போசரியில் எச்.ஐ.வி. ஆய்வுக்கென்றே 1992இல் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனம் இருக்கிறது. இத்தகைய ஆய்வில் ஒரு பெயரும் ஒரு பரிசோதனை முடிவும் ஒரே வரிசையில் வெளியாகிவிட்டால் ஒரு குடும்பமே சிதையக்கூடும். எச்.ஐ.வி. தொடர்பான பதிவேடுகளை வைத்திருப்போர் தகவல் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. சாதிக் கொடுமையைப் பற்றியோ குடும்ப வன்முறையைப் பற்றியோ நேர்காணல் தந்த பெண்ணின் குரல்பதிவும் அதே தன்மையதுதான். டெக்கான் குவீனில் தவறவிட்ட ஒரு மடிக்கணினி அவரைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. கோப்புகளைப் பூட்டுவது, நம்பி வாய் திறந்தவருக்குச் செய்யும் கடமை.

அந்தக் கடமைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒரு கிழவி தம் எழுபதாண்டு நினைவுகளை மூன்று மாலைகளில் பேசித் தந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிர்க்கியிலோ தேஹு ரோட்டிலோ தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பதிவு வெளியே கசிவது அவருக்குச் செய்யும் துரோகம். அது திறக்க முடியாமல் உறைந்துபோவதும் துரோகமே. அவர் இறந்துவிட்டால் அந்தப் பேச்சை மறுபடி கேட்டு வாங்க முடியாது. ‘யாருக்கும் கிடைக்கவில்லை, எனவே பாதுகாப்பாக இருக்கிறது’ என்று ஆய்வாளர் ஆறுதல் கொள்ள இயலாது.

சட்டமும் இதையே சொல்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு மீறல் என்பதை வரையறுக்கும்போது, தரவு கசிவதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அழிவதையும், தற்செயலாக அணுக முடியாமல் போவதையும் அதே வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், பாதுகாப்பு ஏற்பாடுகளில் மறைகுறியாக்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன; தரவு தொலைந்தாலும் பணி தொடர்வதற்கான காப்புநகல்களையும் குறிப்பிடுகின்றன. ஆய்வுப் பணிக்குச் சட்டம் விலக்கு அளிப்பது உண்மைதான். அந்த விலக்கும் குறிப்பிட்ட நெறிகளுக்கு உட்பட்டதே. சாவியைத் தொலைப்பதும் கதவைத் திறந்து போடுவதும் சட்டத்தின் கண்ணில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தவறுகள். புனேயின் ஆய்வு நிறுவனங்களில் எத்தனை நெறிமுறைக் குழுக்கள் இந்த இரண்டாம் தவறைப் பற்றி விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வியாவது கேட்கின்றன?

புனேக்கு இந்தப் பாடம் புதிதாக இருக்க வேண்டியதில்லை. பேஷ்வாக்களின் ஆவணங்களைக் காக்கும் பேஷ்வே தஃப்தர் இந்நகரில்தான் இருக்கிறது. துணியில் சுற்றிய ‘ருமால்’ என்னும் மூட்டைகளாக, வரிசை வரிசையாக, வரவு செலவும் கடிதங்களும் நில விவரங்களும் அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி மோடி எழுத்தில் எழுதப்பட்டது. மராத்தியை விரைந்து எழுதுவதற்குப் பயன்பட்ட அந்த எழுத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அன்றாட வழக்கிலிருந்து மறைந்தது. தாள் இருக்கிறது, மை இருக்கிறது, மொழியும் கோடிக்கணக்கானோர் பேசும் மொழிதான். படிப்பவர்கள் மட்டும் மிகச் சிலர். கோ. ச. சர்தேசாய் 1930களின் தொடக்கத்தில் அந்தக் குவியலிலிருந்து தேர்ந்து 45 தொகுதிகளாகப் பதிப்பித்தார். எஞ்சியவை இன்னும் தம் வாசகரை எதிர்பார்த்துக் கிடக்கின்றன.

இதே காட்சியைத் தஞ்சாவூரிலும் காணலாம். மராட்டிய மன்னர் ஆட்சியின் மோடி ஆவணங்கள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. அவற்றுள் ஒரு பகுதியைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்ட பிறகுதான், அக்காலத் தஞ்சையின் அன்றாட வாழ்க்கை தமிழ் வாசகருக்கு எட்டியது. எழுத்தறிந்த ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லிக்கொடுத்ததால் அந்தச் சாவி அறுபடாமல் கை மாறிவந்தது. மோடி எழுத்தை இரகசியத்துக்காக யாரும் பயன்படுத்தவில்லை. ஆயினும் படிக்கத் தெரிந்தவர் இல்லாத ஆவணம் மறைகுறியாக்கப்பட்ட ஆவணமே. இரண்டுக்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. மறந்துபோன எழுத்தை அறிஞர்கள் உழைத்து மீட்டுவிடலாம். தொலைந்துபோன 128 பிட் சாவியை எந்த அறிஞராலும் மீட்க முடியாது.

நகல்களின் அருமையும் இந்நகருக்குத் தெரியும். 2004 ஜனவரி 5 அன்று பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் தாக்கப்பட்டு, நூல்களும் சுவடிகளும் சிதைக்கப்பட்டன. மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பை 1919 முதல் 1966 வரை உழைத்து உருவாக்கிய நிறுவனம் அது. தெற்கே கிரந்தத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும், வடக்கே சாரதையிலும் தேவநாகரியிலும் எழுதப்பட்ட சுவடிகள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கைகளில் பிழைத்திருந்ததால்தான் அந்தப் பதிப்பு சாத்தியமாயிற்று. எல்லாம் ஒரே ஊரில், ஒரே கட்டடத்தில் இருந்திருந்தால் ஒரு தீ போதும். ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர்கள் அறிந்திருந்த இந்த எளிய விதி, மீட்புச் சாவிக்கும் பொருந்தும்.

விதியை மறந்தால் என்ன நேரும் என்பதை உலகம் 2024 ஜூலை 19 அன்று கண்டது. இந்திய நேரப்படி அன்று காலை 9.39 மணிக்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான மேம்படுத்தல் ஒன்று, மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அந்நிறுவனத்துக்குப் புனேயிலும் ஒரு மையம் உண்டு. 78 நிமிடங்களில் பிழை திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் விழுந்த கணினிகள் தாமாக எழவில்லை. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய பயணச்சீட்டுகள் வழங்கப்பட்டதை அன்று பலரும் படமெடுத்துப் பகிர்ந்தார்கள்.

தீர்வு எளிதாகவே இருந்தது: கணினியைப் பாதுகாப்பு நிலையில் இயக்கி, ஒரே ஒரு கோப்பை நீக்க வேண்டும். அந்த நிலைக்குள் நுழைய முயன்றபோது பூட்டப்பட்ட கணினிகள் 48 இலக்கங்களைக் கேட்டன. பல நிறுவனங்களில் அந்தச் சாவிகள் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டிருந்தன. சேமித்து வைத்த வழங்கிக் கணினிகளும் விண்டோஸில் இயங்கியவை, அவையும் விழுந்து கிடந்தன. சாவி இருந்தது, பூட்டிய வீட்டுக்குள். ஆஸ்திரேலியாவில் ஒரு நிறுவனம் முதலில் சாவி வழங்கிகளை மீட்டு, பிறகு சாவிகளைப் பட்டைக்குறிகளாக மாற்றி, கடைகளில் பொருளின் விலையைப் படிக்கும் ஸ்கேனர்களைக் கொண்டு ஒவ்வொரு கணினியிலும் உள்ளிட்டது. முன்பே ஒரு பட்டியலைத் தாளில் அச்சிட்டுப் பெட்டகத்தில் வைத்திருந்தால் பல மணி நேரம் மிஞ்சியிருக்கும். சாவியும் பூட்டும் ஒரே விபத்தில் விழக் கூடாது என்பதே அந்த நாள் தந்த பாடம்.

சாவி தனி இடத்தில் இருந்தால் மட்டும் போதுமா? யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். இதற்கான பாடம் புனேயிலேயே இருக்கிறது. கெயின்பிட்காயின் மோசடி வழக்கை 2018இல் புனே காவல்துறை விசாரித்தபோது, மெய்நிகர் நாணயம் பற்றி அறிந்த வெளி வல்லுநர்கள் இருவரின் உதவியை நாடியது. அவர்களில் ஒருவர் முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரி. குற்றம்சாட்டப்பட்டோரின் மின்பணப்பைகளைத் திறக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. 2022 மார்ச்சில் அதே காவல்துறை அந்த இருவரையும் கைது செய்தது. விசாரணைக்காகக் கிடைத்த அணுக்கத்தைக் கொண்டு நாணயங்களைத் தம் பைகளுக்கு மாற்றிக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே மாதம், வழக்கின் முக்கியக் குற்றம்சாட்டப்பட்டவர்களுள் ஒருவரிடம், பணப்பையின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அமலாக்கத் துறையிடம் தருமாறு உச்ச நீதிமன்றம் கூறியது. பல்லாயிரம் பேரின் முதலீடு பற்றிய வழக்கு, சில சொற்கள் யாருக்குத் தெரியும் என்ற கேள்வியில் வந்து நின்றது.

வல்லுநர்கள் குற்றவாளிகளா இல்லையா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். ஏற்பாட்டில் இருந்த குறை அதற்கு முன்பே தெரிகிறது: முழுச் சாவியையும் ஒருவர் தனியாகக் கையாள முடிந்தால், அவருடைய நேர்மை மட்டுமே காவல். வங்கிகள் இதை நெடுங்காலம் முன்பே உணர்ந்துகொண்டன. பணப்பெட்டகத்தை இரண்டு அலுவலர்கள் சேர்ந்தே திறக்கிறார்கள்; வாடிக்கையாளரின் லாக்கருக்கும் இரண்டு சாவிகள். கணித உலகில் இதற்கு நேர்த்தியான வடிவத்தை ஆதி ஷமீர் 1979இல் தந்தார். ஒரு சாவியை ஐந்து பங்குகளாகப் பிரித்து, ஏதேனும் மூன்று பங்குகள் சேர்ந்தால் மட்டுமே திறக்கும்படி செய்யலாம்; இரண்டு பங்குகளைக் கொண்டு சாவியைப் பற்றி எதையும் அறிய முடியாது. ஒரு துறை அலுவலகத்துக்கு இவ்வளவு கணிதம் தேவையில்லை. அரக்கு வைத்த உறையும், இருவர் கையொப்பமிடும் பதிவேடும் போதும்.

சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே விட்டுவிட்டால் என்ன? பலருக்கு அது நடைமுறையில் நல்ல ஏற்பாடுதான். முதலில் சொன்ன மாணவரும் தம் கணக்கின் கடவுச்சொல்லை நினைவில் வைத்திருந்தால் வேறொரு கணினியிலிருந்து உள்நுழைந்து சாவியை எடுத்துவிடுவார். ஆனால் அந்தக் கணக்கு எந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்டது என்பதே பலருக்கு நினைவில்லை. கணினியைக் கடைக்காரரே அமைத்துத் தந்திருந்தால் சாவி கடைக்காரரின் கணக்கில் கிடக்கலாம். நிறுவனம் தந்த மின்னஞ்சலில் அமைத்திருந்தால், ஆய்வுக்காலம் முடிந்து அந்த முகவரி மூடப்படும் நாளில் சாவிக்குப் போகும் வழியும் மூடப்படும். அதோடு, பிறரிடம் உள்ள சாவியைப் பிறர் கேட்டு வாங்கவும் முடியும். குவாம் தீவில் நடந்த ஒரு மோசடி வழக்கில், மூன்று மடிக்கணினிகளின் பிட்லாக்கர் சாவிகளை மைக்ரோசாஃப்ட் அமெரிக்கப் புலனாய்வுத் துறைக்கு நீதிமன்ற ஆணையின்பேரில் தந்தது என்று ஃபோர்ப்ஸ் இதழ் 2026 ஜனவரியில் எழுதியது.

இந்திய அரசும் சாவியைக் கேட்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி உரிய ஆணை வந்த பிறகும் மறைகுறியை நீக்க உதவ மறுத்தால் ஏழாண்டு வரை சிறை உண்டு. குற்றம்சாட்டப்பட்டவரைத் தம் கடவுச்சொல்லைச் சொல்ல வைக்கலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தன் வழக்கில் அதை அனுமதித்தது. 2022இல் டெல்லியின் சிறப்பு நீதிமன்றம் ஒன்று, அரசியலமைப்பின் 20(3)ஆம் உறுப்பைக் காட்டி மறுத்தது. ஆய்வாளர்களின் கணினிகளைக் கைப்பற்றுவதற்கு நெறிமுறை வேண்டும் என்று கேட்டு ஐந்து கல்வியாளர்கள் உச்ச நீதிமன்றத்தை நாடியதும் இக்காலத்தில்தான். கணினி கைப்பற்றப்பட்டால், பூட்டைப் பற்றிய சர்ச்சை ஒருபுறம் இருக்க, ஆய்வாளர் தம் சொந்தத் தரவின் ஒரே நகலை இழந்து நிற்பார் என்பது அவர்களின் கவலைகளுள் ஒன்று. காப்புநகல் எதற்கு என்று கேட்பவருக்கு இதுவே விடை.

பூட்டு எதைக் காக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வன்தட்டு மறைகுறியாக்கம் உறங்கும் கணினியைக் காக்கிறது. விழித்திருக்கும் கணினியைக் காப்பதில்லை. உரிமையாளர் உள்நுழைந்த பிறகு கோப்புகள் திறந்தே இருக்கின்றன. தீநிரல் ஏதேனும் நுழைந்திருந்தால் அதற்கும் திறந்தே இருக்கின்றன. புனே காவல்துறை 2018இல் கைதுகளைத் தொடங்கிய பீமா கோரேகாவ் வழக்கில், கைப்பற்றப்பட்ட ஒரு கணினிக்குள் நெட்வயர் என்னும் தீநிரலின் வழியே ஆவணங்கள் திணிக்கப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. தேசியப் புலனாய்வு முகமை அதை ஏற்கவில்லை. வழக்கின் முடிவு எதுவாயினும், வன்தட்டைப் பூட்டியதால் மட்டும் ஒரு கணினி நம்பகமானதாகிவிடாது என்பதை அந்த விவாதமே உணர்த்துகிறது.

இனி, செய்யக்கூடியது என்ன? தனியாளாகச் செய்ய வேண்டியது ஒரு மாலை நேர வேலை. கணினி பூட்டப்பட்டிருக்கிறதா என்பதை அமைப்புகளில் பார்த்துக்கொள்ள வேண்டும். பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கங்களையும், அவற்றோடு காட்டப்படும் சாவி அடையாள எண்ணையும் தாளில் எழுத வேண்டும்; ஒருவரிடம் இரண்டு கணினிகள் இருந்தால் எது எதன் சாவி என்பதை அந்த அடையாள எண்தான் சொல்லும். ஆறிலக்கத் தொகுதி ஒவ்வொன்றையும் 11ஆல் வகுத்துச் சரிபார்க்கலாம். ஒரு தாள் ஊரில் வீட்டு அலமாரியில் நிலப்பத்திரத்தோடு இருக்கட்டும். மற்றொன்று புனேயில் நம்பகமான ஒருவரிடம் உறையில் இருக்கட்டும். மடிக்கணினிப் பைக்குள் மட்டும் வேண்டாம். சாவியை அதே வன்தட்டில் ஒரு கோப்பாகச் சேமிப்பது, பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவதற்குச் சமம்.

ஆப்பிள் கணினியில் ஃபைல்வால்ட் தரும் மீட்புச் சாவி 24 எழுத்தெண்கள் கொண்டது. அதற்கும் இதே விதி. லினக்ஸில் லக்ஸ் முறையைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே பூட்டப்பட்ட சாவிகள் வட்டின் தொடக்கத்தில் ஒரு சிறு பகுதியில் உள்ளன. அந்தப் பகுதி கெட்டுப்போனால், கடவுச்சொல் சரியாக நினைவிருந்தாலும் பயனில்லை. அந்தத் தலைப்பகுதியின் நகலைத் தனியே எடுத்துவைக்கும் வசதி உண்டு, எடுத்துவைப்பவர்தான் குறைவு. காப்புநகல் வன்தட்டையும் பூட்டுவோர், அதற்கு ஒரு தனிச் சாவி உண்டு என்பதை மறக்கலாகாது. முதல் கணினியின் சாவி இரண்டாவதைத் திறக்காது. எல்லாம் முடிந்த பிறகு, எழுதிய சாவியைக் கொண்டு ஒரு முறையாவது காப்புநகல் வட்டைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத சாவி வெறும் எண்தான்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. ஆய்வு மாணவர் சேரும் நாளில் நூலக அட்டையும் விடுதிச் சாவியும் பதிவேட்டில் ஏறுகின்றன. மீட்புச் சாவியும் அவ்வாறே, அவருடைய விருப்பத்தோடு, முத்திரையிட்ட உறையில் பெறப்பட வேண்டும். உறையைத் திறக்க இருவர் வேண்டும்; அவர்களில் ஒருவர் அவருடைய நெறியாளராக இருக்கக் கூடாது. நெறியாளருக்கும் மாணவருக்கும் பிணக்கு எழும் நாள்களும் உண்டு. திறந்தால் திறந்த காரணமும் தேதியும் எழுதப்பட வேண்டும். மாணவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அவர் பட்டம் பெற்றுப் போகும்போது உறை அவரிடமே திரும்பத் தரப்பட வேண்டும். தாமே காத்துக்கொள்வதாகச் சொல்பவரை வற்புறுத்தலாகாது. அவர் எப்படிக் காக்கிறார் என்று ஒரு வரி எழுதி வாங்கினால் போதும்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. நிறுவனத்திடம் சாவி இருந்தால் நிறுவனமே வேவு பார்க்காதா? அச்சம் நியாயமானது. நம்பிக்கைக்கு உரிய நிறுவனங்களும் சில வேளைகளில் மேலிடத்து அழுத்தத்துக்குப் பணிகின்றன. 2015 செப்டம்பரில் இந்திய அரசு வெளியிட்ட மறைகுறியாக்கக் கொள்கை வரைவு, அனுப்பிய செய்திகளின் மறைக்கப்படாத வடிவத்தை 90 நாள் வைத்திருக்கும்படி குடிமக்களையே கேட்டது. எதிர்ப்பு எழவே சில நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. அத்தகைய எண்ணம் ஒருமுறை எழுந்திருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் மறப்பதற்கில்லை. ஆகவேதான் விருப்பம், முத்திரை, இருவர், பதிவேடு, திருப்பித் தருதல் என்னும் ஐந்தும் சேர்ந்தே வர வேண்டும். மிகவும் நுண்மையான நேர்காணல்களை இன்னொரு தனிப் பூட்டுக்குள் வைத்து, அதன் சாவியை நிறுவனத்துக்கு வெளியே ஒருவரிடம் தருவதற்கும் மாணவருக்கு உரிமை இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஆனால் அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும்.

ஏனெனில் கணினி பழுதாகலாம், மனிதர் மறக்கலாம், ஆய்வாளர் ஒரு நாள் சாலை விபத்தில் இறந்தும் போகலாம். அவருக்காகப் பேசியவர்களின் குரல் அவரோடு சேர்ந்து புதைந்துபோகக் கூடாது. பேஷ்வே தஃப்தரின் மூட்டைகளை அவிழ்த்துப் படிக்க இன்றும் சிலர் மோடி எழுத்தைக் கற்கிறார்கள். இன்றைய வன்தட்டுகளை நாளை அவிழ்க்க, அவர்களைப் போல உழைக்க வேண்டியதில்லை. எட்டுத் தொகுதிகளாக எழுதிய ஒரு தாள், சரியான இடத்தில், சரியான கையில் இருந்தால் போதும். அதை எழுதி வைக்க இன்று மாலையே நேரம் இருக்கிறது.